ஆறு விரல் இலை

எழுந்ததும் சிட்டு பல்கூட விளக்கவில்லை. போனை எடுத்து எண்ணிக்கையைப் பார்த்தாள். நேற்று அறுநூற்றுச் சொச்சம் பேருக்குப் பிடித்திருந்த மரம், விடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

மரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குழந்தைகள் காப்பகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரின் உள்ளங்கையில் பச்சைப் பெயின்ட் பூசி, காகிதத்தில் பதித்து, கத்தரித்து, சுவரில் இலை இலையாக ஒட்டி அவள் வளர்த்த மரம். பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு அதைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் வாடகைக் காருக்காக வைத்திருக்கும் இணையப் பக்கத்தில், 'என் தங்கச்சி கைவண்ணம்' என்று போட்டுவிட்டான். நாலாயிரம் பேர் பார்க்கிற பக்கம் அது. மேலே கொட்டை எழுத்தில் அவன் போன் நம்பர்.

சிட்டுவின் கணக்கில் அவள் எந்த விதியையும் மீறவில்லை. படத்தில் ஒரு பிள்ளையின் முகமும் இல்லை. பெயர்கள் எல்லாம் இலைகளுக்குப் பின்பக்கம். "முகம் கூடாது, பேர் கூடாது, பிள்ளைங்க இருக்கிற நேரத்துல போனே கூடாது" என்று வேலைக்குச் சேர்ந்த அன்று எழுதி வாங்கியவள் வேறு யாருமல்ல, அவளுடைய அண்ணிதான். வீட்டில் அண்ணி, காப்பகத்தில் பொறுப்பாளர் மேடம். வாசல்படியைத் தாண்டும்போது சிட்டுவின் நாக்கு தானாக மாறிக்கொள்ளும்.

அண்ணிக்கு இந்தப் படம் விஷயமே தெரியாது. புருஷனின் கார்ப் பக்கத்தைப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஆளை வீட்டில் பார்ப்பதே போதும் என்பாள்.

போன வாரம் நாம் விட்ட இடத்தில், ரோஜாப்பூப் படம் வைத்த யாரோ ஒருவர் அந்தப் படத்துக்குக் கீழே ஒரு கேள்வி கேட்டிருந்தார். 'அழகு. இடது ஓரத்தில் ஒரு குட்டிக் கை, ஆறு விரலா?'

சிட்டு உருகிப்போய் பதில் எழுதியிருந்தாள். 'ஆமாங்க, ஒரிஜினல்தான். எங்க கிளாஸ் வாலு. அந்தக் குட்டி விரலுக்குத் தம்பின்னு பேர் வச்சிருக்கான். தம்பிக்கும் பெயின்ட் வைங்க மிஸ்னு ஒரே அடம்.'

ரோஜாப்பூ ஓர் இதயம் அனுப்பியது. அதோடு சரி.

வாசலில் அண்ணன் விசிலடித்தபடி காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சிட்டு, உன் மரம் ராசியான மரம்தான்" என்றான். "படத்துக்கு மேல இருந்த நம்பரைப் பார்த்து ஒருத்தர் கூப்பிட்டார். வெளியூர்க்காரர், மரியாதையான பேச்சு. பத்தரை ரயில்ல வர்றார். இன்னைக்கு முழுசும் வண்டி அவருக்குத்தான்."

"எங்கே போகணுமாம்?"

"நேரா உங்க காப்பகத்துக்குத்தான். பையனைச் சேர்க்கணுமாம், முதல்ல இடத்தைப் பாக்கணுமாம். உங்க மேடம்கிட்ட சொல்லிடாதே. ஆள் பிடிச்சுக் கொடுத்தேன்னு நானே போய் நின்னு சொல்லிக்கிறேன். ஒரு தடவையாவது அவ வாயால நல்ல பேர் வாங்கணும்."

சிட்டு சிரித்தாள். அண்ணன் போனை எடுத்து முன்சீட்டுப் பெட்டிக்குள் போட்டு மூடினான். இரண்டு வருடத்துக்கு முன் பேசிக்கொண்டே ஓட்டி ஒரு சைக்கிள்காரரின் காலை உடைத்தவன் அவன். அன்றைக்கு சிட்டு அழுது அவனிடம் ஒரு சத்தியம் வாங்கினாள். வண்டி நகர்ந்தால் போன் பெட்டிக்குள் போய்விடும். யார் கூப்பிட்டாலும், ஊரே தீப்பிடித்தாலும் எடுக்க மாட்டான்.

காப்பகத்தில் பிள்ளைகள் வரத் தொடங்கியிருந்தார்கள். சிட்டு போனை அணைத்து, வாசல் அலமாரியில் தன் பெயர் ஒட்டிய டப்பாவில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒன்பது மணிக்கு வாலு வந்தான். அவனுடைய அம்மா வழக்கம்போல் தெருவை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் அவன் கையை விட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க நனைந்து சுருங்கிய விரல்கள். யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள்.

"மிஸ், தம்பி நேத்து தூங்கவே இல்ல" என்று வாலு இடது கையை நீட்டினான்.

"ஏனாம்?"

"சும்மா ஆட்டிக்கிட்டே இருந்தான்."

அந்தக் குட்டி விரலை சிட்டு தொட்டுக் கொஞ்சினாள்.

வாலுவின் கோப்பில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கும். அவனைப் படமெடுக்கவே கூடாது என்று அர்த்தம். ஏன் என்று சிட்டு கேட்டதில்லை. கேட்டாலும் அண்ணி சொல்லியிருக்க மாட்டாள்.

பத்தரைக்கு ஆயா வந்து, மேடம் கூப்பிடுகிறார் என்றாள்.

அண்ணியின் மேஜையில் போன் கிடந்தது. திரையில் அந்த மரம். அண்ணி கத்துகிற ரகம்தான். இன்று அவள் குரலே எழும்பவில்லை.

"கதவைச் சாத்து."

சாத்தினாள்.

"வாலுவோட அம்மா இப்பத்தான் பேசினாங்க. அவங்க பழைய ஊர்ல பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒண்ணு இந்தப் படத்தை அனுப்பியிருக்கு. இது உன் பையன் கைதானேன்னு கேட்டிருக்கு. நேத்திலிருந்து அந்த ஆள் வீட்டுல இல்லையாம்."

"எந்த ஆள்?"

"அவன் அப்பன்." என்றாள் அண்ணி. "அந்தம்மாவோட தோள் எலும்பை ரெண்டு தடவை உடைச்சிருக்கான். ரெண்டாவது தடவை குழந்தை கட்டிலுக்கடியில ஒளிஞ்சிருந்திருக்கு. கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு போட்டும் விடல. மூணு ஊர் மாறிட்டாங்க. அதுக்குத்தான் அந்தச் சிவப்புப் பொட்டு."

சிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் முகம் போடலையே அண்ணி." மேடம் என்பது மறந்துபோயிருந்தது.

"போடல. தெரியுது. அவன் கைதான் அவனுக்கு முகம்னு உனக்குத் தோணல, எனக்கும் தோணல. நானும் அந்த மரத்தைத் தினமும் பார்த்துக்கிட்டுத்தானே போறேன்." அண்ணி போனைத் திருப்பி வைத்தாள். "சரி, ஒரே ஒரு நிம்மதி. படத்துல ஊர் இல்ல, காப்பகம் பேர் இல்ல. ஆறு விரல் உள்ள பிள்ளை உலகத்துல ஒண்ணுதானா? இது வேற யாரோன்னு அவன் நினைச்சாலும் நினைக்கலாம். அந்தம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. சாயங்காலம் வரை பொறுத்துப் பார்க்கலாம்னு இருக்கேன்."

இப்போது இந்த அறையில் எல்லாம் தெரிந்தவள் ஒருத்திதான். வாலு, தம்பி, எங்க கிளாஸ். தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். பக்கத்தில் அண்ணனின் நம்பர். பத்தரை ரயில். மரியாதையான பேச்சு. ஒவ்வொன்றாக வந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன.

சொன்னால் இந்த வேலை இன்றோடு போய்விடும். பிள்ளைகளோடு இருப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாதவள் அவள். எந்தக் காப்பகமும் இனி வாசலில்கூட நிற்க விடாது. அண்ணனும் இதில் மாட்டுவான். அண்ணி அவன் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள். போனை எடுத்து அந்தப் பதிலை அழித்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது. அண்ணி இன்னும் கீழே தள்ளிப் படிக்கவில்லை.

இப்படி அவள் நினைத்தாள். அவளை நல்லவளாகக் காட்ட வேண்டும் என்று இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஓடியது. அந்த இரண்டு நிமிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை.

பக்கத்து அறையில் வாலு யாருக்கோ எண்ணச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். "அஞ்சு. அப்புறம் தம்பி."

"அண்ணி" என்றாள் சிட்டு. "அவனுக்குத் தெரியும்."

"என்ன?"

"கேட்டான். நான் பதில் சொன்னேன். கீழே பாருங்க."

அண்ணி படித்தாள். படித்து முடித்தும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதோட, அண்ணன் பத்தரை ரயிலுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரப் போயிருக்கான். பையனைச் சேர்க்கணும்னு சொன்னாராம். நேரா இங்கதான் வர்றாங்க."

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து முப்பத்தைந்து.

"எவ்வளவு நேரமா இதை வாயில வச்சுக்கிட்டு நின்னே?"

அண்ணி பதிலுக்கு நிற்கவில்லை. ஒரு கையில் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துக்கொண்டே மறு கையால் வெளியே போ என்று காட்டினாள்.

சிட்டு டப்பாவிலிருந்து போனை எடுத்து, அண்ணனுக்கு அடித்தாள். பதில் இல்லை. ஏழு தடவை அடித்தாள். ரயிலடியிலிருந்து இங்கே வர நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் போன் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கும். சத்தியம் வாங்கிய தன் வாயை அவளே சபித்துக்கொண்டாள்.

பதினொன்று ஐந்துக்கு வாலுவின் அம்மா சமையலறைக் கதவு வழியாக வந்தாள். அண்ணி போனில் சொன்னதும் ஓடி வந்திருக்கிறாள். வேலை உடையில் சோப்புத் தண்ணீர் காயவில்லை. வந்ததும் தன் போனை அணைத்து, அதிலிருந்த சிம்மை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பழகிய கை. யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

"என்னை மன்னிச்சுடுங்க" என்றாள் சிட்டு. "நான் தப்பா எதுவும் நினைக்கல. அழகா இருக்குன்னுதான்..."

"நீங்க நல்லவங்கதான்" என்றாள் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "போன ஊர்ல வீட்டுக்காரம்மா. அதுக்கு முந்தின ஊர்ல பிறந்தநாள் கொண்டாடின பிள்ளையோட அப்பா. எல்லாருமே நல்லவங்க. ஒவ்வொரு ஊர்லயும் நல்லவங்கதான் எங்களைக் காட்டிக் கொடுத்திருக்காங்க."

சிட்டுவால் அழக்கூட முடியவில்லை. இந்த அம்மாவின் முன் அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

"போலீஸ் வண்டி கிளம்பிடுச்சுன்னு சொல்றாங்க" என்றபடி அண்ணி வந்தாள். "இருங்களேன். கதவைப் பூட்டிக்கலாம்."

"போன தடவையும் கிளம்பிடுச்சுன்னுதான் சொன்னாங்க மேடம். அவசரம்னா எங்க போகணும்னு வக்கீலம்மா ஒரு இடம் சொல்லியிருக்காங்க. எங்களை மாதிரி பொம்பளைங்க இருக்கிற இடம். எங்கன்னு கேட்காதீங்க."

வாலு வர மறுத்தான். செருப்பைப் போட்டுக்கொண்ட பிறகு சுவரைக் காட்டி நின்றுவிட்டான்.

"என் இலை?"

"வாடா கண்ணு, அப்புறம் எடுத்துக்கலாம்" என்றாள் அம்மா.

"தம்பி வேணும். தம்பி அங்க இருக்கான்."

அவன் உதடு பிதுங்கியது. இப்போது அவன் வீறிட்டால் தெரு முழுக்கக் கேட்கும். சிட்டு நாற்காலியில் ஏறி, இடது ஓரத்து இலையைப் பிய்த்து அவன் கையில் கொடுத்தாள். இந்த இடத்தை விட்டுப் போகிற பிள்ளைக்கு அவளால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். அவன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சமர்த்தாக நடந்தான்.

வாசலில் ஹாரன் இரண்டு முறை ஒலித்தது. அண்ணன் எப்போதும் இரண்டு முறைதான் அடிப்பான்.

"பின் சந்துல நில்லுங்க" என்று அந்த அம்மாவின் காதில் சொன்னாள் அண்ணி. பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். இருபது வருடம் பெற்றோர்களைச் சமாளித்த சிரிப்பு அது.

காரிலிருந்து இறங்கியவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். கையில் வண்ணக் காகிதம் சுற்றிய பொம்மைப் பெட்டி. செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடி பிரியாமல் வைத்துவிட்டு வணக்கம் சொன்னார்.

"வாங்க சார், உட்காருங்க. படிவத்துல இருந்தே ஆரம்பிச்சுடலாம்" என்று அண்ணி அவரை அலுவலக அறைக்குள் அழைத்துப் போனாள்.

சிட்டு வெளியே ஓடினாள். அண்ணன் காரில் சாய்ந்து, ஈ என்று இளித்தபடி நின்றான்.

"எப்படி? அசந்துட்டாளா?"

"அண்ணா, உள்ள போயிருக்கிற ஆளை விட்டுட்டு உடனே கிளம்பு. பின் சந்துல ஒரு அம்மா, குழந்தையோட நிக்கிறாங்க. ஏத்திக்கிட்டு அவங்க சொல்ற இடத்துல விடு."

"விளையாடுறியா? சார் பத்து நிமிஷம்னு சொல்லிட்டுப் போயிருக்கார்."

"அந்தப் பிள்ளையோட அப்பன் அவன். கோர்ட்டு கிட்டவே வரக் கூடாதுன்னு சொன்ன ஆள். அந்தம்மா தோளை ரெண்டு தடவை உடைச்சவன். அவங்களைத் தேடித்தான் வந்திருக்கான். நான் எழுதின பதிலைப் பார்த்து, உன் நம்பரைப் பிடிச்சு, உன் வண்டியிலேயே வந்துட்டான்."

அண்ணனின் சிரிப்பு முகத்திலேயே வற்றியது.

"வழி முழுக்க உங்க காப்பகத்தைப் பத்தித்தான் கேட்டுக்கிட்டே வந்தார், சிட்டு. காப்பகம் எத்தனை மணிக்கு விடும், பின்பக்கம் கதவு இருக்கான்னெல்லாம். நானும் வாய் ஓயாம சொல்லிக்கிட்டே வந்தேன்." நெற்றியில் அடித்துக்கொண்டான். "நான் ஒரு மடையன்."

"நாம ரெண்டு பேரும்தான். போண்ணா."

அவன் கதவை ஓசையில்லாமல் சாத்தி, வண்டியைப் பின்னால் எடுத்தான். சந்து முனையில் கார் ஒரு கணம் நின்றது. பின்கதவு திறந்து மூடியது. பச்சைக் காகிதம் ஒன்று சன்னலில் தெரிந்ததாக சிட்டுவுக்குத் தோன்றியது. கார் திரும்பி மறைந்தது.

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

உள்ளே திரும்பியபோது, அவர் அலுவலகத்தில் இல்லை. பிள்ளைகளின் அறை வாசலில் நின்றார். அண்ணி குறுக்கே கையை நீட்டி நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைத் தாண்ட முயலவில்லை. சுவரை மட்டும் பார்த்தார். தன் போனில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

பதினேழு இலைகள். இடது ஓரத்தில், பிய்த்த இடத்தில் பசை இன்னும் மினுமினுத்தது. கீழே நாற்காலி.

"இப்பத்தான் எடுத்தீங்களா?" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் சிட்டுவுக்கு அதிகம் பயமாக இருந்தது.

"அப்படி ஒரு பிள்ளை இங்க இல்ல" என்றாள் அண்ணி. "நீங்க வெளிய போங்க. போலீஸ் வருது."

"வரட்டும் மேடம். நான் எதையும் உடைக்கலையே." அவர் வாசலுக்கு வந்து, செருப்பை மாட்டினார். தெருவைப் பார்த்தார். கார் நின்ற இடம் காலியாக இருந்தது. சிட்டுவின் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணன் போயிட்டாரா? நல்ல மனுஷன். என் போன்ல சார்ஜ் இல்லன்னு சொன்னேன். பின் சீட்டுல மாட்டிக்கங்க சார்னு அவரே ஒயர் எடுத்துக் கொடுத்தார்."

அவர் கையில் போன் இருந்தது. சிட்டு அதைப் பார்த்தாள்.

"இது இன்னொண்ணு" என்றார். திரையை விரலால் தட்டி, அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். தெருக்களின் படம். அதில் ஒரு நீலப் புள்ளி பெரிய சாலையைத் தாண்டிப் பாலத்தின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. "எங்க போனாலும் காட்டும்."

பொம்மைப் பெட்டியை இடுக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் சாலை முனைக்கு நடந்தார். அங்கே வாடகை வண்டிகள் வரிசையாக நிற்கும்.

அண்ணி மறுபடி போலீசுக்கு அடித்து, கார் நம்பரைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிம் முந்தானை முடிச்சில், வாலுவின் அம்மாவுடைய போன் செத்துக் கிடந்தது. வழி ஒன்றே ஒன்று. சிட்டு அண்ணனின் நம்பரை அழுத்தினாள்.

மணி போனது. முன்சீட்டுப் பெட்டிக்குள் அது அடித்துக்கொண்டிருக்கும். அண்ணன் காதில் விழும். யாரென்றுகூடப் பார்க்காமல், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பின்சீட்டில் இருக்கும் குழந்தைக்காக வழக்கத்தைவிடக் கவனமாக ஓட்டிக்கொண்டிருப்பான்.

"எடுண்ணா" என்றாள் சிட்டு. "ஒரே ஒரு தடவை என் சத்தியத்தை மீறுண்ணா."

அடித்து அடித்து மணி நின்றது. அவள் மறுபடி அழுத்தினாள்.